அடுப்புக் குதிரைக்குச் சிறகு போன கதை

மனிதனும் பூச்சியும் ஒரே பேச்சில் சண்டை போட்டு, ஒரே பேச்சில் சமாதானமும் ஆன அந்தக் காலத்தில், சீனத்தின் வடக்கு எல்லையில் ஒரு பெரும்படை இருந்தது. படை என்றதும் கொடி, முரசு, குதிரை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் முன்வரிசைக்கு. பின்னால் வந்தவர்கள் வெறும் காலாட்கள். நேற்றுவரை முள்ளங்கி விற்றவன், பாய் முடைந்தவன், சந்தையில் சவரம் செய்தவன்.

ஒருவன் படையில் சேர்ந்தான் என்று சொல்ல அந்த நாட்டில் இரண்டு விதம் உண்டு. கௌரவமாகச் சொன்னால் "ஐவருக்குள் போய்விட்டான்" என்பார்கள். ஐந்து பேர் ஒரு வரிசை, அதுதான் படையில் மிகச் சிறிய துண்டு. வீட்டில் இருப்பவர்கள் வயிற்றெரிச்சலோடு சொன்னால் "தானியம் தின்னப் போய்விட்டான்" என்பார்கள். ஊரில் தின்ன இருந்தால் எவன் போகிறான்? இரண்டில் இரண்டாவதுதான் நேர்மையான பேச்சு.

இரண்டு ஐவர் சேர்ந்தால் ஒரு நெருப்பு. பத்துப் பேருக்கு ஒரு சட்டி, ஒரு அடுப்பு, அதைச் சுற்றித்தான் தூக்கம். அதிகாரிகள் ஆளை எண்ணுவதில்லை, நெருப்பைத்தான் எண்ணுவார்கள். தினை அளந்து போடுவதும் நெருப்புக்கு இவ்வளவு என்றுதான். ஒருவனைப் பார்த்தால் "நீ யார்?" என்று கேட்க மாட்டார்கள், "நீ எந்த நெருப்பு?" என்று கேட்பார்கள். நெருப்பு இல்லாதவனுக்கு அங்கே பேரும் இல்லை, கஞ்சியும் இல்லை.

சேர்ந்த அன்று பத்துப் பேரும் ஆளுக்கொரு சுள்ளி போட்டு மூட்டிய நெருப்பு அது. அணைய விடக் கூடாது. முகாமைக் கலைத்து நடக்கும்போது கங்குகளை ஒரு மண்சட்டியில் அள்ளி, சாம்பல் போட்டு மூடி, சட்டியைச் சுற்றி வைக்கோல் பிரி சுற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். வழியில் அணைந்துவிட்டதா, அந்த நெருப்பு செத்தது. பத்துப் பேரையும் பிரித்து, எந்த நெருப்பில் ஆள் குறைகிறதோ அங்கே ஒவ்வொருவனாகச் சொருகிவிடுவார்கள். ஓட்டை அடைக்கும் களிமண் மாதிரி.

அப்படி ஒரு நெருப்புக்குத் தலைவன் கெங் தாவ். படைக்கு வருமுன் சந்தையில் உப்பு முள்ளங்கி விற்றவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். யார் எதைக் கேட்டாலும் "பதிலுக்கு என்ன தருவே?" என்பதுதான் அவன் வாயில் வரும் முதல் சொல். ஏமாந்து ஏமாந்து அடிபட்டு எழுந்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

இலையுதிர் காலக் கடைசியில் ஒருநாள் கங்குச் சட்டியைத் தூக்கப் போனான். வைக்கோல் பிரிக்குள் ஏதோ அசைந்தது.

"யாருடா உள்ளே?"

"நான்தான். வெளியே குளுருது."

எட்டிப் பார்த்தது ஒரு பூச்சி. நம் ஊரில் சுவர்க்கோழி என்கிறோமே, அதன் பங்காளி. அப்போது அதற்கு முதுகு நேராக இருந்தது. வெங்காயத் தோல் போல மினுமினுத்த நீளச் சிறகுகள் இருந்தன. சிறகோடு சிறகை உரசித்தான் அது பாடும், பேசுவதும் அப்படியேதான். புல்வெளியில் வாழ்ந்த இனம். பனி விழுந்தால் மொத்தமும் சாகும், வசந்தத்தில் முட்டையிலிருந்து புதிதாக வரும்.

"குளுருதுன்னா? இது என்ன உங்க மாமனார் வீடா? இறங்கு கீழே."

"ஒரு ஓரமா இருந்துக்கிறேன் அண்ணே."

"அண்ணேங்கிறதெல்லாம் அப்புறம். என்ன தருவே?"

"பாடுவேன்."

"பாட்டை எந்தப் படியில அளக்கிறது? அதைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா?"

பக்கத்தில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த பெய் ஆன் சிரித்துவிட்டான். பாய் முடைகிறவன் அவன். அகலமான முதுகு, அதிகம் பேசாத வாய். "தாவ் அண்ணே, பூச்சிகிட்டயா பேரம்?"

"பூச்சியானா என்ன, புலியானா என்ன? சும்மா குடுத்துப் பழக்கினா நாளைக்கு எறும்பு வரும், நாளன்னிக்கு எலி வரும். நீ கிண்டு."

பூச்சி கொஞ்சம் யோசித்தது. "சரி. இருட்டினதுலேருந்து விடியுறவரைக்கும் பாடுறேன். வேத்தாள் காலடி கேட்டா நிறுத்திடுவேன். என் பாட்டு நின்னா நீங்க முழிச்சுக்குங்க."

கெங் தாவுக்கு உள்ளே ஒரு துள்ளு துள்ளியது. படையாட்கள் ஈட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு, விடியுமா விடியாதா என்று பாதிக் கண்ணோடு படுக்கும் காலம் அது. முழுக் கண்ணையும் மூடித் தூங்க எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். ஆனாலும் நல்ல சரக்கைக் கண்டதும் முகத்தைச் சுளிக்கத் தெரியாதவன் வியாபாரியா?

"சுமாரான ஏற்பாடுதான்," என்றான். "பாவம்னு விடுறேன். வைக்கோல்ல மட்டும். சட்டிக்குள்ள கால் வெச்சே, நானே வறுத்துத் தின்னுடுவேன்."

அன்றிலிருந்து அந்தப் பத்துப் பேரும் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதாவது சட்டென்று நிற்கும், பத்து ஈட்டிகள் எழுந்து நிற்கும். பெரும்பாலும் நரியாக இருக்கும். ஒருமுறை நரி இல்லை. அந்த ஒருமுறைக்காகவே மீதி எல்லாம் தகும் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் பனி விழுந்த நாள், கங்குகளைக் கிளறப் போன சுய் ஜியூ ஒன்றைப் பார்த்துவிட்டான். சுய் ஜியூ சவரக்காரன், அவன் கண்ணுக்கும் வாய்க்கும் ஓய்வே கிடையாது. சட்டியின் உள் விளிம்பில், சாம்பலை விரலால் ஒதுக்கி, ஒரு சின்னப் பள்ளம். அதற்குள் பூச்சி கதகதப்பாக உட்கார்ந்திருந்தது.

"தலைவரே! வறுத்துத் தின்னுடுவேன்னு சொன்ன ஆளு, மெத்தை போட்டுக் குடுத்திருக்கீங்க போல?"

"வாயை மூடுடா. குளிர்ல செத்துப்போனா எவன் பாடுறது? சொத்தைப் பாதுகாக்கத் தெரியாதா உனக்கு?"

சுய் ஜியூ மூடவில்லை. அவன் வாய் என்றைக்கு மூடியது? ஆனால் பூச்சி கெங் தாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்துக்கு மட்டும் அவன் விலை கேட்கவில்லை என்பதை அது கவனித்து வைத்துக்கொண்டது.

நடுக்குளிரில் படை பின்வாங்கியது. மலைக் கணவாயில் ஒரு கோட்டை இருந்தது. அதற்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டால் வசந்தம் வரை பிழைக்கலாம். வழியில் ஒரு ஆறு. பனிக்கட்டி உடைந்து மிதந்தது. கயிறு பிடித்துக் கடக்கும்போது தினை மூட்டையைச் சுமந்தது பெய் ஆன். நடு ஆற்றில் கயிறு சிக்கிக்கொண்டது. மற்றவர்கள் அதை அவிழ்க்கும் வரை, மூட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, இடுப்பளவு பனித்தண்ணீரில் அசையாமல் நின்றான் அவன்.

தினை நனையவில்லை. பத்துப் பேரும் அதை வைத்துத்தான் உயிரோடு இருந்தார்கள். ஆனால் பெய் ஆனின் பாதங்கள் முதலில் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, பிறகு கருத்துவிட்டன. ஊன்ற முடியவில்லை.

அதிகாரி வென் வந்து பார்த்தார். படையில் நடக்க முடியாதவர்களை அடையாளம் காண்பது அவர் வேலை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு வேலையில் இருப்பவர் எப்படிச் சிரிப்பார்?

"இவனை இங்கேயே விடுங்க. ஒரு கம்பளி குடுத்து, ஒரு வாய்க் கஞ்சி குடுத்துட்டுக் கிளம்புங்க."

"முடியாது ஐயா," என்றான் கெங் தாவ்.

"என்னது?"

"நாங்க தின்ன கஞ்சி இவன் தலையில இருந்து வந்தது. விட்டுட்டுப் போனா அது செரிக்காது."

"கெங் தாவ், தூக்கிக்கிட்டுப் போனா நீங்க பின்தங்குவீங்க. பின்தங்கின நெருப்புக்காகப் படை நிக்காது."

"நிக்க வேண்டாம். ஒரு பேச்சு பேசிக்கலாம்." முள்ளங்கிக் கடைக் குரல் வந்துவிட்டது அவனுக்கு. "நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கோட்டைக் கதவுக்கு வந்துடுறோம். பத்துப் பேரும். எங்க நெருப்பும் உயிரோட. வந்தா, இவனையும் சேர்த்துப் பத்துன்னு கணக்கு வெச்சு உள்ள விடணும். இவன் காலு ஆறுற வரைக்கும் யாரும் கேள்வி கேக்கக் கூடாது."

"நெருப்பு அணைஞ்சு வந்தா?"

"அணையாது."

"அணைஞ்சா?" என்றார் வென் மறுபடி. "விதி உனக்கே தெரியும். உங்களைப் பிரிச்சு வேற வேற நெருப்புல போட்டுடுவேன். நடக்கிறவனுக்கு எங்கேயும் இடம் உண்டு. நடக்க முடியாதவனை எந்த நெருப்பும் வாங்காது. அவன் கதவுக்கு வெளியிலதான்."

"சம்மதம்," என்றான் கெங் தாவ். நெருப்பு அணையும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இந்த ஆள் இத்தனை சுலபமாகச் சம்மதித்தாரே, இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ என்றுதான் தோன்றியது.

அங்கேதான் அவன் சறுக்கினான். படை போன பிறகு, மலையடிவாரத்தில் ஒட்டகங்களோடு இறங்கி வந்த ஒரு வியாபாரியைப் பார்த்தார்கள். அவனிடம் தடித்த ஆட்டுத்தோல் ஒன்று இருந்தது. பெய் ஆனின் கால்களைச் சுற்ற அதைவிட நல்லது கிடைக்காது. கெங் தாவ் அரட்டினான், கெஞ்சினான், போவதுபோல் திரும்பி நடந்தான், மறுபடி வந்தான். கடைசியில், கங்குக்குப் போட வைத்திருந்த அடுப்புக்கரி மூட்டையைக் கொடுத்து ஆட்டுத்தோலை வாங்கிவிட்டான்.

"ஒரு மூட்டைக் கரிக்கு முழு ஆட்டுத்தோல்! பாத்தியா?" என்று மார்தட்டிக்கொண்டான். "சாம்பலுக்குள்ள இருக்கிற கங்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். கோட்டைக்குப் போயிட்டா கரிக்கு என்ன பஞ்சம்?"

கணக்கு சரிதான். காற்றும் பனியும் அந்தக் கணக்கைக் கேட்டு நடந்துகொள்ளும் என்று எண்ணியதுதான் தப்பு.

மறுநாள் காலையிலேயே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. இரண்டு ஈட்டிகளுக்கு நடுவே ஆட்டுத்தோலைக் கட்டி, பெய் ஆனை அதில் படுக்கவைத்துத் தோளில் சுமந்து ஏறினார்கள். எதிரில் வருவது மரமா ஆளா என்று தெரியவில்லை. ஒவ்வொரு புதரும் பதுங்கி நிற்கும் எதிரியாகத் தெரிந்தது. பயந்துபோனவனைப் பற்றிப் பேசும்போது, அவனுக்குப் புல்லும் மரமும் படைவீரனாகிவிட்டது என்று இன்றும் சீனத்தில் சொல்கிறார்களே, அந்த நிலைமைதான்.

"அதோ! மூணு பேர் நிக்கிறானுங்க!" என்று சுய் ஜியூ கத்தினான். எல்லோரும் பெய் ஆனை இறக்கிவிட்டு ஈட்டியைப் பிடுங்கப் போனார்கள்.

சட்டிக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. கொஞ்சமும் நிற்காத பாட்டு.

"ஆள் இருந்தா நான் பாடுவேனா?" என்றது பூச்சி. "அது வெறும் ஊசியிலைக் கன்னு. நடங்க."

நடந்தார்கள். மறுபடி ஒரு கரிய உருவம், மறுபடி நடுக்கம். பாட்டு நிற்கவில்லை, அதனால் கால்களும் நிற்கவில்லை. அன்றைக்கு அந்தச் சிறகுகள் இல்லாவிட்டால், ஒவ்வொரு புதரோடும் சண்டை போட்டு அவர்கள் பாதி வழியிலேயே உறைந்திருப்பார்கள்.

ஆனால் புயல் முற்றியது. ஓர் அடி கூட வைக்க முடியாமல் ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கினார்கள். காற்று ஓயக் காத்திருந்தார்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பொழுது போனது. கடைசியில் காற்று சற்றுத் தணிந்தது. கீழே மேகம் விலகிக் கோட்டைச் சுவர்கூடத் தெரிந்தது. போய்விடலாம், பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.

கெங் தாவ் சட்டியைத் திறந்து சாம்பலை ஒதுக்கினான். உள்ளே ஒரு தினை அளவுக்குச் சிவப்பு. அவ்வளவுதான். அதுவும் கண்ணெதிரே மங்கிக்கொண்டிருந்தது.

"எதையாவது போடு! காஞ்சது எதையாவது!"

வைக்கோல் பிரி ஈரம். செருப்புக்குள் திணித்த புல்லும் ஈரம்தான். இடுப்பிலிருந்த சிக்கிமுக்கிப் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. ஈட்டிக் காம்பின் நடுமரத்தைச் சீவி எடுத்தார்கள். சாப்பிடும் குச்சிகளான உண்கோல்களைப் பிளந்தார்கள். சீவல் ஓரளவு உலர்ந்திருந்தது. ஆனால் அந்தத் தினை நெருப்புக்கு மரத்தைப் பிடிக்கும் தெம்பு இல்லை. சீவலை வைத்தால் புகைந்தது, பிடிக்கவில்லை. ஊதினால் அணைந்துவிடும்போல் துடித்தது.

கெங் தாவ் தலையில் அடித்துக்கொண்டான். "கரியைக் குடுத்தேனே! என் கையாலயே தூக்கிக் குடுத்தேனே, மடையன்!"

"அண்ணே," என்று பெய் ஆன் மெல்லக் கூப்பிட்டான். "போதும். என்னை இங்கேயே விடுங்க. நீங்க ஒன்பது பேரும் போனா எங்கேயாவது சேத்துக்குவாங்க. தோல் நல்ல தோலு. கதகதப்பாத்தான் இருக்கு."

"உன்னை யாரு கேட்டா?" என்று கத்தினான் கெங் தாவ். கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது.

அப்போது பூச்சி சட்டி விளிம்பில் ஏறி நின்றது.

"என் சிறகு காஞ்சிருக்கு," என்றது.

அதை விரித்தும் காட்டியது.

"சாம்பல்லேயே கிடந்ததில்ல, நல்லாக் காஞ்சிருக்கு. பட்டுன்னு பிடிக்கும். அது எரியும்போது சீவலை மேல வைங்க."

"வேண்டாம்," என்றான் கெங் தாவ். "உன் பாட்டு அதுலதான் இருக்கு. பேச்சும் அதுலதான். உன்கிட்ட இருக்கிற சரக்கே அது ஒண்ணுதானேடா. அதையும் எரிச்சுட்டா நாளைக்கு எதைக் காட்டி இடம் கேப்பே?"

"பெய் ஆன் அண்ணன்கிட்டக் கால் இல்ல. அவரை விட்டுட்டா வந்தீங்க?"

கெங் தாவ் சட்டியின் எதிரில் மண்டியிட்டான்.

"சரி, சொல்லு," என்றான் கடைசியில். "இதுக்கு என்ன வேணும் உனக்கு? எதுவானாலும் சொல்லு. குறைக்க மாட்டேன்."

"பனி விழுந்த அன்னிக்குச் சாம்பலை ஒதுக்கி இடம் விட்டீங்களே, அப்ப என்கிட்ட ஏதாவது கேட்டீங்களா?" என்றது பூச்சி.

அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். குதித்துவிட்டது. அந்தத் தினை அளவு சிவப்பின் மேல் முதுகைக் காட்டிப் போய் உட்கார்ந்தது. ஒரு சொடக்கு. வெங்காயத் தோல் பற்றியதுபோல் சுடர் ஒன்று எழுந்தது.

"சீவலை வைடா!" என்று அலறினான் கெங் தாவ். அழுதுகொண்டே சீவலை வைத்தான் சுய் ஜியூ. பிடித்தது. உண்கோல் பிடித்தது. ஈட்டிக் காம்பின் துண்டும் மெல்லக் கனன்று சிவந்தது.

பூச்சி சாகவில்லை. சிறகுகள் மட்டும் வேரோடு கருகிப் போயிருந்தன. நெருப்பின் ஓரத்துக்கு நகர்ந்தது. பாறையைத் தாண்டி வந்த காற்று சட்டிக்குள் நுழையப் பார்த்தபோது, நீளக் கால்களை ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து, கங்குக்கும் காற்றுக்கும் குறுக்கே நின்றது. கோட்டைக் கதவு வரும் வரை அந்த வளைவை அது நிமிர்த்தவில்லை.

வானம் மஞ்சளாகும் நேரத்தில் பத்துப் பேரும் சுவரடிக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே அதிகாரி வென் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாரோ, தோளில் பனி அப்பியிருந்தது.

"எந்த நெருப்பு?"

"கெங் தாவ் நெருப்பு!"

"எத்தனை பேர்?"

"பத்து!"

"ஒருத்தன் படுத்திருக்கான்."

"படுத்திருந்தாலும் பத்துதான் ஐயா. பேச்சு அப்படித்தானே?"

வென் இறங்கி வந்து திட்டிவாசலைத் திறந்தார். சட்டியை வாங்கி மூடியை எடுத்தார். கங்கு கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் கூன் விழுந்து, மொட்டையாக, பழுப்பாக ஒன்று கால் பரப்பி நின்றது.

"இது என்ன?"

சுய் ஜியூ முந்திக்கொண்டு பதில் சொன்னான். "எங்க குதிரை ஐயா."

"காலாட்களுக்கு ஏதுடா குதிரை?"

"எங்களுக்கு உண்டு. கோட்டைவரைக்கும் நெருப்பைச் சுமந்துகிட்டு வந்தது இதுதான். அடுப்புக் குதிரை."

வென் அந்தப் பூச்சியை ரொம்ப நேரம் பார்த்தார். கருகிய சிறகடிகளைப் பார்த்தார். ஆட்டுத்தோலில் கிடந்த பெய் ஆனைப் பார்த்தார். பிறகு அளவுக்காரனைக் கூப்பிட்டு, "இந்த நெருப்புக்குப் பத்து ஆள் தினை அள," என்றார். அவன் அளந்து முடித்ததும், "இன்னும் ஒண்ணு போடு," என்றார்.

"இன்னொரு ஆளுக்கா ஐயா?"

"இல்லடா. ஒரே ஒரு மணி. குதிரைக்குத் தீனி குடுக்கணும்னு விதி இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு அதிகாரி வென் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதையே படை அன்றுதான் பார்த்தது.

பெய் ஆனுக்குக் கால் விரல்கள் போயின, ஆனால் உயிர் நின்றது. குளிர்காலம் முழுக்க மற்ற ஒன்பது பேரும் அவன் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. பாட்டு இல்லாததால் முறைபோட்டு விழித்திருந்தார்கள். அப்போதும் எவனும் முகம் சுளிக்கவில்லை. கெங் தாவ் உட்பட. பெய் ஆன் தடியூன்றி நடக்கத் தொடங்கிய அன்று, மறைவில் போய் அழுதது யார் என்று சுய் ஜியூவுக்குத் தெரியும். ஆச்சரியம், அதை மட்டும் அவன் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.

சண்டை ஓய்ந்து ஐவரிலிருந்து எல்லோரையும் விடுவித்தார்கள். பிரிவதற்கு முன் பத்துப் பேரும் அந்த நெருப்பைப் பங்கு வைத்தார்கள். ஆளுக்கொரு கங்கு, ஆளுக்கொரு சட்டி. பூச்சி யாரோடு போவது? அது நேராகத் தத்திப் போய்க் கெங் தாவின் சட்டியில் ஏறிக்கொண்டது.

ஊருக்குப் போன கெங் தாவ் புது அடுப்பு கட்டச் சொல்லி வரவழைத்தது பெய் ஆனைத்தான். அதிகம் நடக்க முடியாமல் போனதால் அவன் உட்கார்ந்த இடத்தில் மண் குழைக்கும் தொழிலைப் பழகியிருந்தான். அடுப்பு எழும்பியது. சுவர் பூசும் நேரத்தில் கெங் தாவ் பூச்சியைத் தரையில் வைத்து எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"சொல்லு. என்ன வேணும்?"

பூச்சி பேசாமல் மீசையை ஆட்டியது.

"அடுப்புக்குப் பின்னால ஒரு விரிசல் தர்றேன். போதுமா?"

பதில் இல்லை.

"சரி, ரெண்டு. கதகதப்பா, புகை போற பக்கமா."

பதில் இல்லை.

"துடைப்பம் படாது. என் பேரப்பிள்ளைங்க காலத்துலயும் படாது. சிந்தின சோறு உனக்குத்தான். இன்னும் என்ன? பேசித் தொலையேன்!" என்று தரையில் அறைந்தான். "எதிராளி வாயே திறக்கலைன்னா நான் எப்படித்தான் முடிக்கிறது?"

கையில் மண்ணோடு பெய் ஆன் திரும்பிப் பார்த்தான். "அது என்னைக்கோ முடிச்சுடுச்சு அண்ணே. நீங்கதான் இன்னும் பேசிக்கிட்டு இருக்கீங்க."

கெங் தாவ் எழுந்து, பெய் ஆன் பூச வைத்திருந்த மண்ணில் ஒரு கை குறைத்து எடுத்துக் கீழே போட்டான். அடுப்புக்குப் பின்னால் ஒரு விரிசல் பூசாமல் நின்றது. பூச்சி உள்ளே போயிற்று. பெய் ஆன் அதற்கப்புறம் எந்த வீட்டில் அடுப்பு கட்டினாலும் ஓர் இடத்தைப் பூசாமல் விட்டான். கேட்டவர்களுக்குக் கதை சொன்னான். மற்ற எட்டுப் பேரும் தங்கள் தங்கள் ஊரில் சொன்னார்கள்.

நமக்கு அந்த இனம் சுவர்க்கோழி, அவர்களுக்கு அடுப்புக் குதிரை. அந்த நாள் தொட்டுத்தான் அடுப்புக் குதிரைக்குச் சிறகும் இல்லை, குரலும் இல்லை, முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. அந்த நாள் தொட்டுத்தான் சீனத்துச் சமையலறையில் அது எட்டிப் பார்த்தால் துடைப்பத்தை எடுக்காமல் வழிவிடுகிறார்கள். இன்பத்திலும் துன்பத்திலும் கூட வருகிறவனை என்ன சொல்லி அழைப்பது என்று அந்த மக்கள் தேடியபோது, ரத்தம், உறவு, ஊர் எதையும் சொல்லாமல் 'ஹுவோபான்', அதாவது நெருப்புத் துணை என்று சொல்லத் தொடங்கியதும் அன்று முதல்தான்.